வடகடல் தீவுகளில் சிறு கப்பல் பயணம்

ஸ்காட்லாந்து நாட்டின் மேற்குக் கரையைத் தேசப்படத்தில் காண்போர்க்குக் கிழிந்த துணியின் ஓரம் நினைவுக்கு வரும். நிலம் எங்கே முடிகிறது, கடல் எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துச் சொல்ல இயலாதபடி குடாக்களும் நீரிணைகளும் மலைமுனைகளும் பின்னிக் கிடக்கின்றன. அக்கரைக்கு அப்பால் நூற்றுக்கணக்கான தீவுகள் இருக்கின்றன. ஹெப்ரிடீஸ் என்பது அவற்றின் பொதுப் பெயர். கரையை அடுத்துள்ளவை உள் ஹெப்ரிடீஸ் எனவும், அட்லாண்டிக் பெருங்கடலின் அலைகளை நேருக்கு நேர் தாங்கி நிற்பவை வெளி ஹெப்ரிடீஸ் எனவும் அழைக்கப்படுகின்றன.

இத்தீவுகளைச் சுற்றிப் பார்ப்பதற்கென்றே சிறு கப்பல்கள் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஓடுகின்றன. மூவாயிரம், நாலாயிரம் பேரை ஏற்றிக்கொண்டு மிதக்கும் நகரங்களைப்போல் செல்லும் பெருங்கப்பல்களை இவற்றோடு ஒப்பிடலாகாது. பழைய மீன்பிடி கலங்களைச் செப்பனிட்டு, பன்னிரண்டு பேர் மட்டுமே தங்கத்தக்க அறைகள் அமைத்து ஓட்டப்படுபவை இவற்றுள் பல. பன்னிரண்டு பேருக்கு மேல் ஏற்றும் கலம், பயணிகள் கப்பல்களுக்குரிய கடுமையான பன்னாட்டு விதிகளுக்கு உட்பட வேண்டும் என்பதே அந்த எண்ணிக்கைக்குக் காரணம். சற்றுப் பெரியவற்றுள் பெயர்பெற்றது 'ஹெப்ரிடியன் பிரின்சஸ்' என்னும் கப்பல். இது 1964 இல் தீவு மக்களையும் அவர்தம் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் சாதாரணக் கலமாகக் கட்டப்பட்டது. அப்போது அதன் பெயர் 'கொலும்பா'. 1989 இல் ஏறத்தாழ ஐம்பது பயணிகளுக்கான உல்லாசக் கப்பலாக மாற்றப்பட்டது. இரண்டாம் எலிசபெத் அரசியாரே 2006 இல் தம் எண்பதாம் ஆண்டு நிறைவையொட்டி இதை வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தாருடன் பயணம் செய்தார்.

கட்டணம் அதிகம் என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் இத்தீவுகளுள் மக்கள் வாழ்பவை பலவற்றை அரசுக்குச் சொந்தமான பயணப் படகுகளிலும் சென்றடையலாம். தீவு மக்கள் அவற்றில்தான் செல்கிறார்கள். சிறு கப்பலின் சிறப்பு சொகுசில் இல்லை. துறைமுகமோ மக்களோ இல்லாத தீவின் குடாவிலும் அது நங்கூரம் பாய்ச்சி, பயணிகளை ரப்பர்ப் படகில் ஏற்றிக் கரையில் இறக்கிவிடும். அவ்வாறு இறங்குபவர் காண்பது விளம்பரத் தாள்களில் உள்ள மலையும் கடலும் மட்டுமன்று. கூரையிழந்து நிற்கும் கல்வீடுகளையும் காண்பார். அந்த வீடுகளில் வாழ்ந்தவர்கள் எங்கே போனார்கள் என்னும் கேள்வி பயணம் முழுவதும் அவரைத் தொடரும். இக்கட்டுரையும் அக்கேள்வியைத் தொடர்ந்தே செல்கிறது.

ஓபன் துறைமுகம்

பெரும்பாலான பயணங்கள் ஓபன் என்னும் சிறு துறைமுக நகரில் தொடங்குகின்றன. கடற்கரைச் சாலையில் உயர்ந்து நிற்கும் கருங்கல் கோயில் புனித கொலும்பாவின் பெயரால் அமைந்த மறைமாவட்டப் பேராலயமாகும். ஸ்காட்லாந்தின் நாடாளுமன்றம் 1560 இல் திருத்தந்தையின் அதிகாரத்தை விலக்கிய பின்னர், அந்நாட்டில் மூன்று நூற்றாண்டுகளுக்கும் மேலாக ஆயர் ஆட்சிமுறை நிலைபெறவில்லை. 1878 இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் அதனை மீண்டும் நிறுவியபோது, இத்தீவுகளுக்கும் மேற்குக் கரைக்குமாக ஒரு மறைமாவட்டம் அமைந்தது. அதன் முதற் பேராலயம் நெளிதகடுகளால் ஆன தகரக் கோயிலே. இன்றைய கருங்கல் கோயிலின் பணி 1932 இல் தொடங்கி 1959 இல் நிறைவுற்றது.

ஓபனை விட்டகன்ற கப்பல் மல் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடைப்பட்ட நீரிணையில் புகுகிறது. இருபுறமும் மலைகள் காற்றைத் தடுத்து நிற்பதால், கடற்பயணம் பழகாதவர்க்கும் முதல் நாள் அச்சமின்றிக் கழியும். நிகழ்ச்சி நிரலை மட்டும் யாரும் முழுமையாக நம்பலாகாது. எந்தத் தீவில் இறங்குவது, எந்தக் குடாவில் இரவு தங்குவது என்பவற்றைக் காலையில் வானிலை அறிக்கையைப் பார்த்துக் கப்பல் தலைவரே முடிவு செய்வார். ஜூன் மாதமாயின் இரவு பத்து மணிக்குப் பின்னரும் வெளிச்சம் இருக்கும். நள்ளிரவிலும் வடவானம் முற்றிலும் இருள்வதில்லை. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய ஒருவகைக் கொசுப்பூச்சி காற்றில்லாத மாலைகளில் கூட்டமாக வந்து கடிக்கும். அதை எந்த விளம்பரத் தாளும் கூறுவதில்லை.

தூண்களின் தீவு

மல் தீவுக்கு மேற்கே மக்கள் வாழாத ஸ்டாஃபா என்னும் சிறு தீவு உள்ளது. 'தூண்களின் தீவு' என்பது பழைய நார்வே மொழியில் அதன் பொருள். தீவின் தென்முனையில் கடல் குடைந்த ஃபிங்கல் குகை, ஏறத்தாழ எழுபது மீட்டர் நீளம் உள்நோக்கிச் செல்கிறது. அதன் சுவர்கள் முழுவதும் உளி கொண்டு செதுக்கியவை போன்ற கரிய கல்தூண்கள்; பல அறுகோண வடிவின. அறுபது மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னர் எரிமலைக் குழம்பு பரவி மெல்ல மெல்லக் குளிர்ந்து சுருங்கியபோது, வற்றிய குளத்தின் சேறு கட்டங்கட்டமாக வெடிப்பதுபோல் வெடித்து, அவ்வெடிப்புகள் ஆழமாக இறங்கித் தூண்களாயின. இயற்கை நூலறிஞர் ஜோசப் பேங்க்ஸ் 1772 இல் இங்கு வந்து எழுதிய பின்னரே வெளியுலகம் இதனை அறிந்தது.

ஜெர்மானிய இசைமேதை மெண்டல்சன் 1829 ஆகஸ்டில் இக்குகையைக் கண்டு மெய்மறந்து 'ஹெப்ரிடீஸ்' என்னும் இசைப்படைப்பை எழுதினார் என்பர். உண்மையில் அவர் அதன் முதலடிகளை எழுதி வீட்டுக்கு அனுப்பியது, குகைக்குச் செல்வதற்கு முந்திய மாலையில். குகையைக் காணச் சென்ற நாளில் அவர் கடல்நோயால் மிகவும் வருந்தினார் என்று உடன் சென்ற நண்பர் குறித்துள்ளார். அலை மிகுந்த நாளில் அவ்வழியே செல்லும் எவரும் அவர்மீது இரக்கம் கொள்வர்.

குகையைவிட ஸ்டாஃபாவில் குழந்தைகளை மகிழ்விப்பவை, மஞ்சளும் சிவப்புமான பெரிய அலகுடைய பஃபின் பறவைகள். புல்தரையில் வளை தோண்டி அவை முட்டையிடுகின்றன. மனிதர் அருகில் அமர்ந்தால் அவை அஞ்சி ஓடுவதில்லை. குஞ்சுகளையும் மீனையும் பறிக்கும் கடற்காக்கைகள் மனிதருக்கு அஞ்சி விலகும் என்று அறிந்தவைபோல் நெருங்கி வருகின்றன. ஆகஸ்டு பிறந்தபின் சென்றால் ஒன்றையும் காண முடியாது. எல்லாம் பெருங்கடலுக்குத் திரும்பியிருக்கும்.

கொலும்பாவின் அயோனா

ஸ்டாஃபாவிலிருந்து தெற்கே ஒரு மணி நேரத்துக்குள் அயோனா. மூன்று மைல் நீளமும் ஒரு மைல் அகலமுமான இத்தீவில் 563 ஆம் ஆண்டில் அயர்லாந்துத் துறவி கொலும்பா பன்னிரண்டு தோழர்களோடு வந்திறங்கினார். (அயோனாவுக்கு வந்த முதல் படகும் இன்றைய சிறு கப்பலின் அளவுக்கே ஆட்களை ஏற்றி வந்தது.) இங்கிருந்து புறப்பட்ட துறவியர் ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் நற்செய்தியை அறிவித்தனர். கொலும்பா 597 ஜூன் 9 ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். அந்நாளே அவர்தம் திருநாள்.

அவர் இறந்து நூறாண்டுகளுக்குப் பின் மடத்தின் ஒன்பதாம் தலைவரான அடம்னன் அவரது வரலாற்றை எழுதினார். அதில் ஒரு நிகழ்ச்சி உண்டு. கொலும்பா ஒருநாள் ஒரு துறவியை அழைத்து, "மூன்றாம் நாள் தீவின் மேற்குக் கரையில் காத்திரு. காற்றால் அலைக்கழிக்கப்பட்ட கொக்கு ஒன்று களைத்து வந்து மணலில் விழும். அதை எடுத்துச் சென்று மூன்று நாள் உணவளித்துப் பேணு. அது நம் சொந்த நாட்டிலிருந்து வரும் விருந்தாளி" என்ற பொருள்படக் கூறினாராம். சொன்னபடியே கொக்கு வந்தது. மூன்று நாள் தங்கியது. தெளிந்த வானிலையில் அயர்லாந்து நோக்கிப் பறந்தது. கப்பலில் வருவோரை எவ்வாறு ஏற்பது என்பதற்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இத்தீவில் எழுதிவைத்த இலக்கணம் இதுவெனலாம். அதே அடம்னன் 697 இல், போர்க்காலத்தில் பெண்கள், குழந்தைகள், குருக்கள் ஆகியோரைத் துன்புறுத்தலாகாது என்னும் சட்டத்தை அயர்லாந்து, ஸ்காட்லாந்து ஆட்சியாளர் பலர் உடன்பட்டு ஏற்குமாறு செய்தார்.

அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படாதவர்கள் கடல்வழியே வந்தார்கள். நார்வே நாட்டுக் கடற்கொள்ளையர் 795 முதல் பன்முறை அயோனாவைத் தாக்கினர். 806 இல் 68 பேரைக் கொன்றனர். இன்று பயணிகள் இறங்கும் துறையை அடுத்த குடாவுக்கு 'மறைசாட்சிகளின் குடா' என்றே பெயர். எஞ்சிய துறவியருள் பலர் அயர்லாந்திலுள்ள கெல்ஸ் என்னும் ஊருக்குச் சென்றனர். வண்ண ஓவியங்களால் உலகப் புகழ் பெற்ற கெல்ஸ் நற்செய்தி நூல் அயோனாவிலேயே எழுதத் தொடங்கப்பட்டிருக்கலாம் என்பது அறிஞர் பலரின் கருத்து.

பின்னாளில் 1200 ஆம் ஆண்டையொட்டி இங்கு ஆசீர்வாதப்பர் சபையினரின் மடமும் கன்னியர் மடமும் எழுந்தன. மதச் சீர்திருத்தக் காலத்துக்குப் பின் இரண்டும் பாழாயின. 1899 இல் நிலத்தின் உரிமையாளரான ஆர்கைல் கோமகன் பாழடைந்த கோயிலை ஸ்காட்லாந்துத் திருச்சபையைச் சார்ந்த அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். எல்லாக் கிறிஸ்தவ சபையினரும் அங்கு வழிபட இடமளிக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். கோயில் செப்பனிடப்பட்டது. மடத்தின் எஞ்சிய கட்டடங்களை எழுப்ப 1938 இல் ஜார்ஜ் மெக்ளவுட் என்னும் போதகர், கிளாஸ்கோ நகரில் வேலையிழந்து நின்ற கட்டடத் தொழிலாளரையும் பயிற்சிபெறும் இளம் போதகர்களையும் அழைத்து வந்தார். அவர்கள் ஒன்றாகக் கல் சுமந்து, ஒன்றாக உண்டு, ஒன்றாகச் செபித்தனர். 1965 இல் கட்டடப் பணி முடிவுற்றது. கன்னியர் மடம் மட்டும் கூரையின்றி, இளஞ்சிவப்புக் கற்சுவர்களோடு இன்றும் பாழாகவே நிற்கிறது. அதன் அழகு தனி.

கோடையில் பகல் முழுவதும் அயோனாவில் கூட்டம் நெரியும். மாலையில் கடைசிப் படகு சென்றபின், நீரிணையில் நங்கூரமிட்டுள்ள சிறு கப்பலின் பயணிகளும் தீவில் தங்குவோரும் மட்டுமே எஞ்சுவர். எட்டாம் நூற்றாண்டு முதல் நின்ற இடத்திலேயே நிற்கும் புனித மார்ட்டின் கற்சிலுவையை அந்த வேளையில் காண வேண்டும்.

ஆடுகளுக்காக ஒழிந்த தீவு

அயோனாவுக்கு வடக்கே எக், ரம், கன்னா முதலிய சிறு தீவுகள் கூட்டமாக உள்ளன. (ரம் என்பது இங்கே தீவின் பெயர், மதுவின் பெயரன்று.) ரம் தீவின் மலைகள் கடலிலிருந்து நேரே எழுந்து முகிலில் மறைகின்றன. அங்குள்ள வெறுமையைப் பயணநூல்கள் 'மனிதக் கை படாத இயற்கை' என்று புகழும்போது எனக்கு உடன்பாடில்லை. அது மனிதக் கையாலேயே உண்டாக்கப்பட்ட வெறுமை. 1826 இல் அத்தீவின் குடிகள் ஏறத்தாழ 300 பேர் கப்பலேற்றப்பட்டுக் கனடாவுக்கு அனுப்பப்பட்டனர். எஞ்சியோருள் பெரும்பாலோர் 1828 இல் அனுப்பப்பட்டனர். தீவு முழுவதும் ஆட்டுப்பண்ணையாயிற்று. குடிகளின் வாடகையைவிட ஆட்டு ரோமத்தால் வரும் வருவாய் மிகுதி என்று நிலவுடைமையாளர் கணக்கிட்டதே காரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து மலைநாடு முழுவதும் நடந்த இத்தகைய வெளியேற்றங்களை அம்மக்கள் இன்றும் மறக்கவில்லை.

1975 இல் ரம் தீவுக்கு நார்வேயிலிருந்து வெண்வால் கடற்கழுகின் குஞ்சுகள் கொண்டுவரப்பட்டன. பிரிட்டனில் அவ்வினம் முதல் உலகப்போர்க் காலத்தையொட்டி அற்றுப்போயிருந்தது. பத்தாண்டுகளில் 82 பறவைகள் விடப்பட்டன. இன்று மேற்குக் கரையெங்கும் எட்டடி அகலச் சிறகு விரித்து அவை பறக்கின்றன. கப்பலில் இருப்போர் யாவரும் தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு மேல்தட்டுக்கு ஓடுவர். அற்றுப்போன கழுகு திரும்பிவிட்டது. போன குடிகளின் வழிவந்தோர் கனடாவிலேயே இருக்கின்றனர்.

பக்கத்திலுள்ள எக் தீவின் கதை வேறு. அங்கே புனித டொன்னன் 617 இல் 52 துறவியரோடு மறைசாட்சியாக இறந்தார். திருப்பலி முடியும் வரை பொறுக்குமாறு அவர் கொலைஞரைக் கேட்டார் என்பதும், அவர்கள் அதற்கு இசைந்தனர் என்பதும் மரபு. நம் காலத்தில் இத்தீவு தனியார் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு விற்கப்பட்டு வந்தது. குடிகளுக்குத் தம் வீட்டின்மீது நிலையான உரிமை இல்லாததால் கூரையை மாற்றவும் மனம் வரவில்லை. 1997 ஜூன் 12 இல் தீவினரே அறக்கட்டளை அமைத்து, ஏறத்தாழ 15 இலட்சம் பவுன் கொடுத்துத் தீவை வாங்கினர். அத்தொகையில் பெரும்பங்கை அளித்தவர் தம் பெயரை வெளியிடவில்லை. மற்றது ஆயிரக்கணக்கானோர் அனுப்பிய சிறு காணிக்கைகளால் சேர்ந்தது. 2008 இல் நீர், காற்று, வெயில் மூன்றினாலும் மின்சாரம் எடுத்துத் தீவு முழுவதற்கும் வழங்கத் தொடங்கினர். வாங்கிய காலத்தில் 65 பேரளவில் இருந்த மக்கள்தொகை பின்னர் நூறைத் தாண்டிற்று.

செபமாலையின் தீவுகள்

கன்னாவிலிருந்து மேற்கே திறந்த கடல். ஐந்தாறு மணி நேரம் கப்பல் ஆடும். இஞ்சி மிட்டாய்க்கு அன்று மதிப்பு உண்டு. பின்னர் வெளித் தீவுகள் தோன்றுகின்றன. வடக்கே உள்ள லூயிஸ் தீவு சீர்திருத்த சபையினரின் கோட்டை. ஞாயிறு ஓய்வை அவர்கள் கடுமையாகக் காத்தனர். அதன் தலைநகருக்கு ஞாயிறன்று பயணப் படகு ஓடத் தொடங்கியதே 2009 இல்தான். தெற்கே உள்ள பாரா, எரிஸ்கே, தெற்கு யூஸ்ட் ஆகிய தீவுகளோ பெரும்பாலும் கத்தோலிக்கர் வாழ்பவை. சாலையோரங்களில் மரியன்னையின் சிறு கெபிகளைக் காணலாம். கேலிக் என்னும் தொன்மொழியில் திருப்பலியும் பாடல்களும் நிகழ்கின்றன.

இத்தீவுகளில் விசுவாசம் நிலைத்த வரலாறு எளிதன்று. சீர்திருத்தத்துக்குப் பின் இரண்டு தலைமுறை வரை நிலையான குரு எவரும் இல்லை. 1619 முதல் அயர்லாந்துப் பிரான்சிஸ்கன் சபையினர் சிலர் வந்து போயினர். 1651 இல் புனித வின்சென்ட் தே பவுல் தம் சபைக் குருவான டெர்மட் டுக்கன் என்பவரை அனுப்பினார். கேலிக் மொழி அறிந்த அவர், படகிலும் கால்நடையாகவும் தீவு தீவாகச் சென்று, நாளுக்கு ஒருவேளை ரொட்டியும் பாலாடைக்கட்டியும் உண்டு பணியாற்றினார். 1657 இல் தெற்கு யூஸ்டிலேயே உயிர்நீத்தார். அத்தீவின் மலைச்சரிவில் 1957 இல் நிறுவப்பட்ட 'தீவுகளின் அன்னை' சிலை, குழந்தை இயேசுவைத் தோளில் ஏந்தி முப்பதடி உயரத்தில் நிற்கிறது. அரசு அங்கே ஏவுகணைத் தளம் அமைக்க முனைந்து, தம் மக்களின் வாழ்வு சிதையும் என்று பங்குக்குரு எதிர்த்துக் குரல் கொடுத்த காலம் அது. எரிஸ்கே தீவின் கோயிலிலோ பலிபீடத்தைத் தாங்கி நிற்பது ஹெர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பலின் உயிர்காப்புப் படகின் முன்பகுதி. அதே தீவின் அருகே 1941 இல் 'பாலிட்டிஷியன்' என்னும் சரக்குக் கப்பல் பாறையில் மோதியபோது, அதிலிருந்த இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட விஸ்கிப் புட்டிகளுள் கணிசமானவை இரவோடிரவாகத் தீவினரின் வைக்கோற்போர்களுக்குள் சென்றன. சுங்க அதிகாரிகளின் தேடலும் சிலர் சிறை சென்றதும் பின்னர் நாவலாகவும் திரைப்படமாகவும் ஆயின.

பாராவில் கப்பல் நங்கூரமிடும் குடாவின் நடுவே பாறைமேல் கிசிமுல் கோட்டை நிற்கிறது. கரைமேட்டில் 1888 இல் கட்டப்பட்ட 'கடலின் விண்மீன்' அன்னையின் கோயில். வடகரையில் உள்ள விமான நிலையத்துக்கு ஓடுதளம் கடற்கரை மணலே. ஆதலால் விமானம் வரும் நேரத்தைக் கடலின் ஏற்றவற்றம் முடிவு செய்கிறது.

இந்த அமைதியான குடாவைக் காணும்போது 1851 ஆம் ஆண்டை நினைக்காதிருக்க இயலாது. பாரா, தெற்கு யூஸ்ட் இரண்டையும் விலைக்கு வாங்கியிருந்த கார்டன் என்னும் பெருஞ்செல்வர், உருளைக்கிழங்கு நோயால் பட்டினியில் வாடிய குடிகள் தமக்குச் சுமையெனக் கருதினார். அவ்வாண்டில் ஏறத்தாழ 1,700 பேர் கனடாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். கூட்டம் என்று சொல்லி வரவழைக்கப்பட்டோரும், மலைக்குள் ஓடி ஒளிந்து பிடிக்கப்பட்டுக் கட்டி இழுத்து வரப்பட்டோரும் அவர்களுள் உண்டு. கியூபெக் துறையில் இறங்கியபோது பலருக்கு உடுக்கத் தக்க துணியும் இல்லை. அவர்களும் செபமாலை சொல்லிப் பழகிய குடும்பங்களே. பாராவை அடுத்த வாட்டர்சே தீவின் மேற்கு மணற்கரையில் ஒரு நினைவுத்தூண் உண்டு. 1853 செப்டம்பர் 28 இரவு, லிவர்பூலிலிருந்து கனடாவுக்குக் குடியேறுவோரை ஏற்றிச் சென்ற 'ஆனி ஜேன்' கப்பல் அங்கே உடைந்து ஏறத்தாழ 350 பேர் மாண்டனர். அவர்கள் அம்மணலிலேயே புதைக்கப்பட்டனர்.

வாட்டர்சேக்குத் தெற்கே உள்ள மிங்குலே தீவில் இறங்குவது நல்ல வானிலையில் மட்டுமே இயலும். அங்கே இறங்கு துறை எக்காலத்தும் இருந்ததில்லை. 1901 இல் நூற்றுக்கு மேற்பட்டோர் வாழ்ந்த அத்தீவு, 1912 இல் முற்றிலும் காலியாயிற்று. அவர்களை யாரும் விரட்டவில்லை, வாழ வழியில்லை. உழுவதற்கு நிலம் வேண்டி மிங்குலேயிலிருந்தும் பாராவிலிருந்தும் சிலர் வாட்டர்சே பண்ணையில் குடிசை போட்டனர். 1908 இல் பதின்மர் எடின்பரோ சிறையில் அடைக்கப்பட்டனர். பண்ணைக்கு உரிமையாளரான சீமாட்டி தம் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் தம் தீவுகளுக்கு வந்திருந்தார். பொதுமக்களின் கொதிப்பைக் கண்டு 1909 இல் அரசே வாட்டர்சேயை வாங்கிக் குடிகளுக்குப் பங்கிட்டது. மிங்குலேயின் குடாவில் இன்று வீடுகள் பாதி மணலில் மூழ்கியுள்ளன. கரையில் சீல்கள் வெயில் காய்கின்றன.

கடைசித் தீவு

வெளித் தீவுகளுக்கு மேற்கே நாற்பது மைல் அப்பால், பெருங்கடலின் நடுவே செயின்ட் கில்டா. அப்படி ஒரு புனிதர் திருச்சபையின் நாட்காட்டியில் இல்லை. பழைய தேசப்படம் வரைந்தோரின் பிழையால் வந்த பெயர் என்று கருதுகின்றனர். கப்பல்கள் பல அதை நோக்கிப் புறப்பட்டுப் பாதி வழியில் திரும்பியிருக்கின்றன. சென்றடைந்தோர் காண்பது 430 மீட்டர் உயரமான கடற்செங்குத்தும், பல்லாயிரம் கன்னட் பறவைகளால் வெள்ளை பூசப்பட்டது போன்ற பாறைத்தூண்களும். மனிதர் வாழ்ந்த தீவு ஹிர்த்தா. மீன்பிடிப்பதற்கு ஏற்ற கடலன்று அது. ஆதலால் மக்கள் கயிற்றில் தொங்கிப் பாறைகளில் இறங்கிக் கடற்பறவைகளையும் முட்டைகளையும் எடுத்து உண்டு வாழ்ந்தனர். ஆடவர் நாள்தோறும் காலையில் தெருவில் கூடி அன்றைய வேலையைப் பேசி முடிவு செய்வர். கிடைத்த பறவைகளை விதவைகள், முதியோர் உட்பட எல்லா வீடுகளுக்கும் பங்கிட்டனர். அவர்கள் சீர்திருத்த சபையினர். ஞாயிறன்று கோயிலிலேயே நெடுநேரம் கழிப்பவர்கள். கடிதம் அனுப்பப் படகு வராத குளிர்காலத்தில், மரத்துண்டைக் குடைந்து அதனுள் கடிதமும் அஞ்சல் செலவுக்கான காசும் வைத்து, ஆட்டின் சிறுநீர்ப்பையைக் காற்றடைத்து மிதவையாகக் கட்டிக் கடலில் விடுவர். அவற்றுள் பல ஸ்காட்லாந்தின் கரையையும் சில நார்வேயின் கரையையும் அடைந்தன.

1877 முதல் கோடைதோறும் நீராவிக் கப்பல்கள் சுற்றுலாப் பயணிகளைக் கொண்டுவந்தன. பயணிகள் தீவினரை விந்தைப் பொருள்களைப்போல் பார்த்தனர், படம் பிடித்தனர், காசு கொடுத்து முட்டையும் கம்பளித் துணியும் வாங்கினர். ஒவ்வொரு கப்பலும் வந்து போனபின் தீவு முழுவதும் இருமல் பரவும். அதற்குத் தனிப்பெயரே வைத்திருந்தனர். காசு வந்ததும் பறவை பிடிக்கும் உழைப்பின் மதிப்புக் குறைந்தது. வெளியுலகம் தெரிந்ததும் இளைஞர்கள் போகத் தொடங்கினர். 1930 மே மாதத்தில், எஞ்சியிருந்தவர்கள் தங்களை அகற்றுமாறு தாங்களே அரசுக்கு எழுதினர். ஆகஸ்டு 29 காலையில் 36 பேர் 'ஹேர்பெல்' என்னும் அரசுக் கப்பலில் ஏறினர். ஒவ்வொரு வீட்டிலும் விவிலியத்தைத் திறந்து வைத்து, அருகே ஒரு சிறு குவியல் ஓட்ஸ் தானியத்தையும் வைத்துவிட்டுக் கதவை அடைத்துச் சென்றனர்.

அவர்களுள் பலர் குடியமர்த்தப்பட்டது மல் நீரிணையின் கரையிலுள்ள ஊர்ப்பகுதியில். பயணத்தின் முதல் நாள் கப்பல் அதைக் கடந்தே வருகிறது. மரமே முளைக்காத தீவிலிருந்து வந்த அவ்வாடவர்க்கு வனத்துறையில் வேலை கொடுத்தனர். தீவில் பிறந்தவர்களுள் கடைசியாக எஞ்சியிருந்த மூதாட்டி 2016 இல் தம் 93 ஆம் வயதில் காலமானார்.

ஹிர்த்தா இன்று தேசிய அறக்கட்டளையின் உடைமை. 1986 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். இறங்குமுன் பயணிகளின் பைகளில் எலி எதுவும் ஒளிந்து வரவில்லை என்பதை உறுதி செய்கிறார்கள். தரையில் முட்டையிடும் பறவைகளுக்கு எலி எமன். ஆனால் அத்தீவுக்கென்றே உரிய சுண்டெலி இனம் ஒன்று முன்பு இருந்தது. மக்களின் வீடுகளில், அவர்களின் தானியத்தை உண்டு அது வாழ்ந்தது. மக்கள் சென்ற இரண்டே ஆண்டுகளில் அது முற்றிலும் அழிந்தது. அத்தீவுக்கே உரிய மற்றொரு உயிர், பழுப்பு நிறச் சிறு குருவி, கூரையிழந்த தெருவின் கற்சுவர் இடுக்குகளில் ஆண்டுதோறும் கூடு கட்டுகிறது. படகு கரையை நெருங்கும்போது, அலையோசைக்கு மேலாக அதன் குரல் கேட்கும்.